ஏழாம் நம்பர் மார்க்கரும் அந்த ‘உஸ்’ சத்தமும்: ஆறு வருட அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டி ஒரு பேயிண்ட்பால் களம் இருக்கிறது. பெயிண்ட் உருண்டையால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் ஆட்டம் அது. சனி, ஞாயிறுகளில் அங்கே மார்க்கர்களை, அதாவது அந்த உருண்டையைச் சுடும் கருவிகளை, பழுது பார்ப்பது என் வேலை. மார்க்கர் எல்லாம் களத்துக்குச் சொந்தம். லைசென்ஸ், பேப்பர் முதலாளி பாடு, ஆலன் கீயும் எண்ணெய் டப்பாவும் என் பாடு. இந்த ஆறு வருடத்தில் காற்று ஒழுகி என்னை அதிகம் அலைய வைத்தது ஏழாம் நம்பர். புளோபேக் வகை (சுட்ட கேஸே அடுத்த சூட்டுக்குத் தயார் செய்துவிடும்), .68 அங்குல உருண்டை, சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர். பிராண்டைக் கேட்காதீர்கள், தப்பு அதன்மேல் இல்லை.

‘துப்பாக்கி’ என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். மார்க்கர் என்ற பெயரும் சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் மரத்துக்கும் மாட்டுக்கும் தூரத்தில் நின்றே பெயிண்ட் அடையாளம் வைக்கத்தான் முதலில் இதைப் பயன்படுத்தினார்கள். நெல்ஸ்பாட் 007 என்ற மார்க்கர் அப்படி வந்ததுதான். 1981 ஜூன் 27-ல் நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் அதை வைத்து முதல் ஆட்டம் ஆடினார்கள். நம் தோட்டத்தில் வெட்டப்போகும் ரப்பர் மரத்துக்கு டப்பாவும் பிரஷ்ஷுமாக நடந்தே போய்க் கோடு போட்டவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சரி, காற்று ஒழுகும் கதைக்கு வருவோம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சிலிண்டரைத் திருகும் இடத்தில் வந்தால் பெரும்பாலும் சிலிண்டர் வாயில் கேஸ் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற வளையம்தான். முதல் வருடம் ஹார்ட்வேர் கடையில் கறுப்பு ரப்பர் ரிங் வாங்கிப் போட்டேன். மலிவுதான். ஆனால் சிஓ2 அந்த ரப்பருக்குள்ளேயே புகுந்துவிடும். சிலிண்டரைக் கழற்றினால் ரிங் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி, பள்ளத்தில் உட்காராமல் வெளியே வழியும். மறுநாள் பார்த்தால் பழைய அளவுக்கு வந்திருக்கும், ஓரத்தில் மட்டும் ஒரு கீறல். யூரித்தேன் ரிங்குக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை விட்டது.

உருண்டை வெளியே போகும் குழல் வழியாகப் புஸ்ஸென்று வந்தால் உடனே பிரிக்காதீர்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்து மாட்டி, அதாவது காக் செய்துவிட்டு, சிலிண்டரை மாட்டிப் பாருங்கள். காக் செய்யாமல் மாட்டினால் உள்ளே இருக்கும் சுத்தியல் வால்வு ஊசிமேல் சாய்ந்து அதை லேசாகத் திறந்தே வைத்திருக்கும். இது தெரியாமல் நான் இரண்டு மார்க்கரைச் சும்மா பிரித்து மாட்டியிருக்கிறேன்.

ஏழாம் நம்பர் காக் செய்தும் ஒழுகியது. அப்படியென்றால் வால்வுக்குள் கேஸை அடைத்து நிற்கும் கப் சீல்தான் காரணம் என்று புதுசு வாங்கிப் போட்டேன். இரண்டு வாரம் அமைதி, மூன்றாம் வாரம் திரும்ப அதே ‘உஸ்’. இன்னொரு சீல் போட்டேன். அதே கதை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். செம்பனை ஆலையில் ஸ்டீம் பைப் பார்த்தே ரிட்டையரானவர்.

வால்வைப் பிரித்து விளக்கடியில் பிடித்தார். பித்தளை விளிம்பில் முடியைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு வெள்ளை இழை. நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“என்னாடா இது?”

“டெஃப்லான் டேப் பெரியப்பா. ஹோஸ் கழுத்துல நான்தான் சுத்தினேன்.”

“நுனி மரைவரைக்கும் சுத்துனியா? முதல் ரெண்டு மரையை வெறுமனே விடணும்லா. இல்லன்னா பிஞ்சு உள்ள போயிரும்.”

ஒவ்வொரு தடவையும் சீலை மாற்றிய கையோடு, சிலிண்டரிலிருந்து வால்வுக்குக் கேஸ் போகும் ஹோஸ் கழுத்திலும் புது டேப் சுற்றியிருக்கிறேன். நோயும் நானே, வைத்தியனும் நானே. பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, ஹோஸை ஊதிச் சுத்தம் செய்து, மூன்றாவது சீலைப் போட்டோம். சோப்புத் தண்ணீர் தடவியபோது ஒரு குமிழிகூட வரவில்லை. இதெல்லாம் நடந்து நாலு வருடமாகிறது.

வெயிலை மட்டும் என்னால் ரிப்பேர் செய்ய முடியாது. 21 டிகிரியில் சிஓ2-வின் அழுத்தம் 850 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில் இருக்கும், 31 டிகிரியில் 1,070-ஐத் தொடும். அதற்கு மேல் சூடானால் உள்ளே திரவம் என்று எதுவும் மிஞ்சாது. நம் ஊரில் மதியம் கார் பூட்டில் சிலிண்டரைப் போட்டு வைப்பது அடுப்பில் வைப்பது மாதிரிதான். பாதுகாப்புத் தகடு வெடித்து மொத்த கேஸும் போய்விடும். எங்கள் சிலிண்டர்கள் மாமர நிழலில் ஐஸ் பெட்டிக்குள் இருக்கும், ஐஸ் போடாமல்.

பிரிக்கும்போது முகக் கவசம் கழலக் கூடாது. சிலிண்டரைக் கழற்றிய பிறகும் ஹோஸில் கேஸ் நிற்கும். தரையைப் பார்த்து சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் ஸ்குரூவில் கை வைக்கணும். எண்ணெய் மார்க்கருக்கென்று விற்பது இரண்டு சொட்டு போதும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே ஓ-ரிங்கைக் கெடுக்கும்.

வால்வைத் தொட்ட அன்று உருண்டை பறக்கும் வேகத்தையும் குரோனோவில், அதாவது வேகம் அளக்கும் கருவியில், பார்த்துவிடுவேன். எங்கள் களத்தில் வினாடிக்கு 280 அடிதான் எல்லை. போன ஞாயிறு ஏழாம் நம்பர் 274 காட்டியது. மழை பிடித்ததால் அதற்குமேல் யாரும் ஆடவில்லை.