கப்பல் டூரா, சொந்தக் காலா, பங்கு வேனா? நீண்ட கடல் பயணத்துக்கு ஒரு வேலூர்க் கணக்கு

மார்ச், ஏப்ரலில் ஆசியப் பருவம் முடிந்ததும் பெரிய பயணிகள் கப்பல்கள் மத்தியதரைக் கடலை நோக்கிக் கிளம்புகின்றன. குளிர்காலத்துக்கு முன்பு திரும்பி வருகின்றன. கப்பல் எப்படியும் போய்ச் சேர வேண்டும். காலியாகப் போவானேன் என்று ஆட்களை ஏற்றிக்கொள்கிறார்கள். இந்த இடமாற்றப் பயணங்களில் நாள் கணக்கில் பார்த்தால் கட்டணம் மலிவு. கடலிலேயே கழியும் நாட்கள் அதிகம், துறைமுகங்கள் குறைவு. பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் ஜெர்மனியிலும் வைத்திருக்கும் வேலூர், ராணிப்பேட்டைப் பெற்றோருக்கு, விமானத்தில் போய்க் கப்பலில் தொடர்வது என்ற யோசனை வராமல் இருக்காது.

டிக்கெட்டைப் பற்றிச் சண்டை இல்லை. கப்பல் கரை தட்டிய பிறகு எப்படி ஊர் பார்ப்பது என்பதில்தான் சண்டை. சத்துவாச்சாரியில் எங்களோடு காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்து விற்கும் கப்பல் டூரின் கட்சி. "சார், நேரத்துக்குக் கொண்டுபோய் நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுவான். அதற்குத்தான் காசு" என்பார். ஆம்பூரில் தோல் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்த இன்னொருவர் சொந்தக் காலின் கட்சி. ஜெனோவா, லிவோர்னோ என்ற பெயர்களை வருடக்கணக்கில் சரக்குச் சீட்டில் எழுதியவர். இறங்கி நடந்து பார்க்காமல் அவருக்கு மனம் ஆறாது. மூன்றாவது வழி, சக பயணிகள் ஆறேழு பேர் சேர்ந்து உள்ளூர் வேன் ஒன்றை அமர்த்திக்கொள்வது. அதற்கு எங்கள் கூட்டத்தில் ஆதரவாளர் யாரும் இல்லாததால் நானே வக்காலத்து வாங்க வேண்டியிருக்கிறது.

கப்பல் டூரின் விலை கசக்கும். அரைநாள் உலாவுக்கே தலைக்கு 80, 100 டாலர் என்பது சாதாரணம். நாற்பது பேர் பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். ஆனால் வங்கி அதிகாரியின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கப்பல் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை நிறுவனமே ஏற்கும். தனியாகப் போனவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

2024 மார்ச்சில் கேப்டவுனிலிருந்து பார்சிலோனாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல், சாவோ டோமே தீவில் எட்டுப் பேரை விட்டுவிட்டுப் போனது. தீவில் உள்ளூர் ஏற்பாட்டில் சுற்றப் போய்த் தாமதமாகத் திரும்பியவர்கள் அவர்கள். கரைக்கு வந்தபோது கப்பல் கண்ணெதிரே நங்கூரத்தில்தான் நின்றது, ஆனாலும் ஏற்றவில்லை. பல நாடுகளைத் தாண்டிக் காம்பியாவுக்குப் போனால், அலைநிலை ஒத்துவராமல் கப்பல் அங்கே கரை தொடவே இல்லை. கடைசியில் செனகலின் டக்காரில்தான் அதைப் பிடிக்க முடிந்தது.

மத்தியதரைக் கடலில் ஒரு வாரச் சுற்று என்றால், தவறவிட்ட கப்பலை மறுநாள் ரயில் ஏறி அடுத்த ஊரில் பிடித்துவிடலாம். இடமாற்றப் பயணத்தில் அடுத்த துறைமுகம் இன்னொரு நாட்டில், நான்கைந்து நாள் கடலுக்கு அப்பால், இன்னொரு விசாவுக்குப் பின்னால் இருக்கும். ஆகவே "எப்போதும் தனியாகவே சுற்று" என்ற அறிவுரை குறுகிய பயணத்துக்குப் பொருந்துகிற அளவு இதற்குப் பொருந்தாது.

அதற்காக எல்லாத் துறைமுகத்திலும் பஸ்ஸில் ஏறி உட்கார வேண்டியதில்லை. இறங்கும் இடத்துக்கும் பார்க்க விரும்பும் இடத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

பினாங்கில் நடுவே ஒன்றுமே இல்லை. சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. பத்து, பதினைந்து நிமிட நடையில் குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அதற்குக் கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கடைக்காரரிடம் தமிழிலேயே வழி கேட்கலாம். நகர மையத்தைச் சுற்ற இலவசப் பஸ்ஸும் ஓடுகிறது. இங்கே டூருக்குப் பணம் கட்டுவது வீண்.

கொழும்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலூர்க்காரருக்கு அங்கே தனி வேலை இருக்கிறது. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் பிரிட்டிஷார் பிடித்து, கொழும்பில் வைத்திருந்து, 1816இல் கப்பலேற்றி நம் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832இல் இறக்கும்வரை அவர் இங்கே கைதிதான். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதியான முத்து மண்டபம் இருப்பதும் அதனால்தான். அவரை அடைத்துவைத்த அறை என்று காட்டப்படும் சிறு கட்டடம் கொழும்புக் கோட்டைப் பகுதியில், பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் முன்னால் நிற்கிறது. துறைமுக வாசலைத் தாண்டினால் கோட்டைப் பகுதிதான், நடந்தே போய்விடலாம். வழக்கமான கப்பல் டூரின் பஸ் கங்காராமை விகாரைக்கும் சுதந்திரச் சதுக்கத்துக்கும் போகும். இந்த அறைக்காக நிற்காது. முத்து மண்டபத்தை வாரம் நான்கு முறை கடந்துபோகிறவருக்குத்தான் கதையின் மறுமுனையைப் பார்க்கத் தோன்றும். அங்கிருந்து பேட்டை கடைத்தெருவும் நடைத் தூரம்தான். தூரம் போவதானால் மீட்டர் ஆட்டோ இருக்கிறது. மீட்டர் போட மறுப்பவரை எப்படிச் சமாளிப்பது என்று காட்பாடி ஸ்டேஷன் வாசலில் பழகியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தாய்லாந்தின் புக்கெட்டில் கணக்கு மாறுகிறது. பாதோங் விரிகுடாவில் கப்பல் நடுக்கடலில் நிற்கும். டெண்டர் எனப்படும் சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும். கப்பல் டூர் எடுத்தவர்களை முதல் படகுகளில் அனுப்புவார்கள். மற்றவர்கள் எண் சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அலை எழும்பினால் படகுப் போக்குவரத்தே நின்றுபோகும். கரையில் டாக்சிக்காரர்கள் கேட்கும் தொகையோ ஊரறிந்தது. தலைக்குக் கணக்குப் பார்த்தால் பங்கு வேன் இங்கே மற்ற இரண்டையும் அடித்துவிடும்.

இன்னொரு கண்ணியும் இங்கே இருக்கிறது: நேரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தால், கரையில் உங்கள் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறி 4 மணி என்று காட்டும்போது கப்பலில் 5 ஆகியிருக்கும். மேற்கே போகப் போக இந்தக் கூத்து திரும்பத் திரும்ப நடக்கும். கப்பல் நேரம் வைத்த பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியை நம்ப வேண்டாம்.

சூயஸ் வழியாகப் போகும் கப்பலில்தான் வங்கி அதிகாரி முழுமையாக வெல்கிறார். எகிப்தின் சபாகாவில் இறங்கி, பழங்கோயில்கள் இருக்கும் லக்சர் போவதென்றால் பாலைவனச் சாலையில் 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஜோர்டானின் அகாபாவிலிருந்து, பாறையைக் குடைந்து கட்டிய பழைய நகரமான பெட்ரா இரண்டு மணி நேரம். அதன் பிறகு மலைப்பிளவுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை, அதே வழியில் திரும்ப வேண்டும். வழியில் ஒரு டயர் வெடித்தால் கதை முடிந்தது. இந்த இரண்டு இடத்திலும் கப்பல் டூரின் விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம் என்பது என் முடிவு. வேன் மலிவுதான், ஆனால் கப்பல் அதற்காகக் காத்திருக்காது.

ஐரோப்பாவில் நிலைமை தலைகீழ். பிரேயஸில் இறங்கினால் ஏதென்ஸுக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது. அரை மணிக்குள் மொனாஸ்திராக்கி சதுக்கம், தலைக்குமேல் அக்ரோபோலிஸ் குன்று. ரோம் என்று பயணத் திட்டத்தில் அச்சிட்டிருப்பார்கள். கப்பல் நிற்பதோ சிவிதாவெக்கியாவில். சென்னை என்று டிக்கெட் கொடுத்து அரக்கோணத்தில் இறக்கிவிடுவது போன்றது அது. தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அரக்கோணம் ஸ்டேஷனில் இறங்கியவர் பதறுவாரா? அடுத்த ரயிலைப் பிடிப்பார். அங்கேயும் அப்படியே. துறைமுகத்துக்குள் நடக்கவிட மாட்டார்கள். இலவசப் பஸ்ஸில் வாசலுக்கு வந்து, அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போனால் ரோமுக்கு அடிக்கடி ரயில் உண்டு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும். ஆம்பூர் நண்பர் சொல்வது இங்கே நூற்றுக்கு நூறு சரி. திரும்பும்போது மட்டும், பிடிக்க வேண்டிய ரயிலுக்கு இரண்டு ரயில் முன்னதாகவே ஏறிவிடுங்கள்.

2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. அந்த வழி அமைந்தால் மொரிஷியஸின் போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் பார்க்கலாம். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் கரையேறிய துறை, யுனெஸ்கோ பட்டியலில் 2006இல் சேர்ந்தது. சின்ன டாக்சிப் பயணம் போதும். டாக்சிக்குக் கொடுக்கும் ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நமக்கு இன்னும் நெருக்கம். சென்னையிலிருந்து போன துரூரோ என்ற கப்பல்தான் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை 1860 நவம்பர் 16 அன்று அங்கே இறக்கியது. 1911 வரை தொடர்ந்த கப்பல்களின் பட்டியல்களில் ஊர் நம் பழைய மாவட்டமான வட ஆற்காடு என்று பதிவானவர்கள் ஏராளம். அந்த வரலாற்றைச் சொல்வதற்கென்றே நகரில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. ஆர்வம் கொழும்பில் இருந்ததுதான், ஆனால் கொழும்பில் நடந்ததுபோல் இங்கே நடக்கச் சொல்ல மாட்டேன். டர்பன் மையப் பகுதியில் அந்நியர்கள் கையில் கைப்பேசியோடு சுற்றுவது நல்லதல்ல. கூட்டாக வேன் பேசி, வாசலுக்கு வாசல் இறங்கி ஏறுவதே முறை. கேப்டவுனில் கப்பல் நிற்கும் இடமே கடைகளும் கூட்டமுமான கடற்கரைப் பகுதி, தனியாகவே போகலாம். மேசை மலைக் கம்பிவண்டியைக் காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள் என்பதால், அதற்கு யாரிடமும் முன்பணம் கட்ட வேண்டாம். நமீபியாவின் வால்விஸ் பேயில் பாலைவனம்தான் காட்சி. வண்டியில்லாமல் ஒன்றும் நடக்காது.

பங்கு வேனுக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்று கேட்பார்கள். அதற்குத்தான் அந்த நீண்ட கடல் நாட்கள் இருக்கின்றன. ஒரு வாரப் பயணத்தில் முகம் பழகுவதற்குள் இறங்கிவிடுவோம். இதில் நான்கு நாள் ஒரே மேசையில் சாப்பிட்டால் யார் நேரத்துக்கு வருவார், யார் நினைவுப்பொருள் கடையில் தொலைந்துபோவார் என்பது தெரிந்துவிடும். இரண்டாவது வகையினரை எவ்வளவு நல்லவர்களானாலும் வேனில் சேர்க்க வேண்டாம். ஓட்டுநரிடம் பாதித் தொகையைத் திரும்பி வந்த பிறகே கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். வண்டி தானாக வேகம் பிடிக்கும்.

இவ்வளவு பேசினாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு முதல் தீர்ப்பை எழுதுவது விசாதான். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் சுற்றுலா விசா தேவையில்லை, மொரிஷியஸுக்கும் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கட்டாயம் வேண்டும். கப்பல், ஒரே விசா செல்லும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் நுழைந்து, வெளியே ஒரு துறைமுகம் தொட்டு, மறுபடி நுழைந்தால் ஒற்றை நுழைவு விசா போதாது. பலமுறை நுழைவு கேட்டு வாங்க வேண்டும். "நான் இறங்கவே போவதில்லை" என்று சொன்னாலும், வழியில் உள்ள நாட்டின் விசா இல்லையென்றால் தொடக்கத் துறைமுகத்திலேயே ஏற்ற மறுக்கக்கூடும். விதிகள் அடிக்கடி மாறுவதால் பணம் கட்டுவதற்கு முன்பே கப்பல் நிறுவனத்திடம் நாடு வாரியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கரையில் இறங்கும்போது பாஸ்போர்ட் நகல், துறைமுக முகவரின் தொலைபேசி எண், கொஞ்சம் டாலர், இரண்டு நாள் மாத்திரை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கப்பல் அறையிலேயே வைத்துவிட்டு ஊர் சுற்றப் போகிறவர்கள் நம் வயதில் அதிகம்.

கொச்சியை விட்டுவிட்டேனே என்று யாராவது கேட்கலாம். காட்பாடியில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். அதற்காகக் கப்பலில் டூர் வாங்குவானேன்? அன்று வெளிநாட்டுப் பயணிகள் எல்லாரும் சீன வலை பார்க்கப் போயிருப்பார்கள். நீச்சல் குளத்தில் நல்ல சாய்வு நாற்காலியாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம்.