லொர்கானா: தொடங்க இரண்டு பெட்டி போதும்

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். டிஸ்னி லொர்கானா என்ற அட்டை விளையாட்டை ஆடத் தொடங்க நினைக்கிறவர்கள், ஆளுக்கு ஒன்றாக, 60 அட்டை அடுக்கி வரும் ஸ்டார்ட்டர் பெட்டி இரண்டை வேறு வேறு நிறமாகப் பார்த்து வாங்குங்கள். அதோடு கையை நிறுத்துங்கள். உள்ளே எந்த அட்டை என்று தெரியாமல் வாங்கும் பூஸ்டர் பக்கெற்றுக்கு ஓட வேண்டாம், அரிய அட்டை என்று ஒருவன் விலை சொன்னால் கேட்க வேண்டாம். நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் ஒரு வளவுக்குள் நான்கு மாதமாக இந்த இரண்டு பெட்டியை மட்டும் வைத்து விளையாடுகிறோம், இன்னும் அலுக்கவில்லை.

முதல் பெட்டி மச்சான் கொண்டுவந்தது. கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவன், மேலே மிக்கி மவுஸ் படம் இருக்கிறதே என்று அண்ணாவின் பிள்ளைகளுக்காக வாங்கி வந்திருந்தான், எப்படி விளையாடுவது என்று அவனுக்கும் தெரியாது. பிள்ளைகள் அதற்கு முதல் பார்த்த அட்டைகள் எல்லாம் பெட்டிக்கடைகளில் தொங்கும், மஞ்சள் தகடு மாதிரி மினுங்கும் போலிப் போக்கிமோன் அட்டைகள்தான். அவற்றை அடுக்கலாம், மாற்றலாம், விளையாட முடியாது. ஆகவே இதையும் அப்படித்தான் நினைத்து இரண்டாகப் பிரிக்கப் போனார்கள், நான்தான் தடுத்து விதித்தாளை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன்.

லொர்கானா புதிய விளையாட்டு. 2023 ஓகஸ்ட்டில் வெளிவந்தது, வெளியிடுவது ரேவன்ஸ்பேர்கர் என்ற ஜேர்மன் நிறுவனம், படம் பொருத்தும் பசில்களுக்குப் பெயர்போனவர்கள். எங்களிடம் இருப்பவை முதல் தொகுதிப் பெட்டிகள்: மோவானாவும் மிக்கியும் முகப்பில் இருக்கும் மஞ்சள்-ஊதா, ஒரோராவும் சிம்பாவும் இருக்கும் நீலம்-சாம்பல். ஒவ்வொன்றிலும் அடுக்கி முடித்த 60 அட்டை, அடிபட்டதைக் கணக்கு வைக்கச் சின்ன மட்டை வில்லைகள், விதித்தாள், கூடவே 12 அட்டை கொண்ட பூஸ்டர் பக்கெற் ஒன்று. அமெரிக்காவில் பெட்டி விலை 16.99 டொலராக இருந்தது. எங்கள் காசில் ஐயாயிரம் ரூபாவைத் தாண்டும். இரண்டு பெட்டி என்றால் பத்தாயிரத்துக்கு மேல், அது சின்னக் காசு இல்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

விளையாட்டை விளங்கப்படுத்த எனக்கு 304 என்ற சீட்டாட்டம்தான் உதவியது. வன்னியில் 304 தெரியாத வீடு குறைவு. அதில் 32 அட்டை எல்லாருக்கும் பொது, கையில் வந்ததை வைத்துக் கேள்வி கேட்கிறோம், துரும்பை ஒளிக்கிறோம். லொர்கானாவில் அவரவருக்கு அவரவர் கட்டு, ஆனால் கவிழ்த்து வைத்த அட்டையில்தான் பாதி விளையாட்டு இருக்கிறது என்பது இரண்டுக்கும் பொருந்தும். இங்கே அந்தக் கவிழ்த்த அட்டைக்குப் பெயர் மை. ஒவ்வொரு முறை உங்கள் ஆட்டம் வரும்போதும் கையில் உள்ள ஓர் அட்டையை, ஒன்றை மட்டும், முகம் கவிழ்த்து மைக்கூட்டில் வைக்கலாம். அதற்குப் பிறகு அது அந்தப் பாத்திரம் இல்லை, வெறும் ஒரு துளி மை. மூன்று விலை உள்ள அட்டையை இறக்க மூன்று மை வேண்டும். எந்த அட்டையை மையாக்கலாம் என்பதற்கு இடது மேல் மூலையில் உள்ள விலை இலக்கத்தைப் பாருங்கள், அதைச் சுற்றிப் பொன்னிறச் சுருள் இருந்தால் ஆக்கலாம், இல்லாவிட்டால் முடியாது.

இதைக் கேட்க இலேசாக இருக்கிறது, செய்யும்போதுதான் நெஞ்சு இழுக்கும். அப்பா விளையாடப் பழகிய அன்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவருக்கு இரண்டாவது சுற்று, கீழே ஒரு மைதான் கிடக்கிறது, கையில் ஏழு விலைக்கு ஒரு பெரிய அட்டை, நல்ல படம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார், திருப்பிக் கையில் செருகினார், பிறகும் உருவினார். "அப்பப்பா, அது நல்ல காட், வைக்காதேங்கோ" என்று பெறாமகன் கத்தினான். அப்பா சொன்னார்: "தம்பி, ஏழு மை சேர்றதுக்குள்ள நீ என்னை முடிச்சுப்போடுவாய். இது இப்ப எனக்கு மைதான்." கவிழ்த்து வைத்தார். அந்த ஆட்டத்தை அவர்தான் வென்றார். ஐம்பது வருடம் 304 விளையாடிய கைக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்ட இந்த விஷயம் எனக்குப் பிடிபட ஒரு கிழமை எடுத்தது. கையில் உள்ள எல்லா அட்டையையும் இறக்கிவிட வேண்டும் என்றே நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

போக்கிமோன், மாஜிக் போன்ற மற்ற அட்டை விளையாட்டுகளிலிருந்து இது விலகும் இடம் வெற்றியில்தான். எதிராளியை அடித்து விழுத்த வேண்டியதில்லை. 20 கதைப்புள்ளி யார் முதலில் சேர்க்கிறாரோ அவர் வென்றார். லோர் என்று அட்டையில் வருவதை நாங்கள் கதைப்புள்ளி என்கிறோம். பாத்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து "தேடப் போகிறது" என்றால் அதில் போட்டிருக்கும் அளவு புள்ளி கிடைக்கும். ஆனால் சாய்ந்து கிடக்கும் பாத்திரத்தைத்தான் எதிராளி சண்டைக்கு இழுக்க முடியும், நிமிர்ந்து நிற்பதைத் தொட முடியாது. இதுதான் முழு விளையாட்டும். புள்ளிக்காகப் போனால் முதுகு காட்ட வேண்டும், பயந்து நின்றால் மற்றவன் இருபதை எட்டிவிடுவான். சண்டையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடிபடும், பட்ட அடி அடுத்த சுற்றில் ஆறிவிடாது, அப்படியே இருக்கும். புதிதாக இறக்கிய பாத்திரம் அந்தச் சுற்றில் தேடவும் முடியாது, சண்டைக்கும் போக முடியாது, மை காய வேண்டுமாம். இந்த ஒரு சொல்லைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள், "சித்தப்பா, இன்னும் காயேல்லை!" என்று நான் அவசரப்படும்போதெல்லாம் என் கையைப் பிடித்துத் தள்ளுகிறார்கள்.

சரி, பெரிய தடைக்கு வருகிறேன். மொழி. அட்டையில் உள்ளது முழுக்க ஆங்கிலம். தமிழ் மூலம் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எக்ஸேர்ட், பனிஷ், எவேசிவ் என்று வரிசையாக வந்தால் இரண்டாவது அட்டையிலேயே ஆர்வம் போய்விடும். முதல் நாள் அப்படித்தான் நடந்தது, ஒவ்வொரு அட்டைக்கும் என்னிடம் நீட்டி "இது என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள், கேட்டதால் கையில் இருப்பது எதிராளிக்கும் தெரிந்துபோயிற்று, ஒரு ஆட்டம் முடிய ஒன்றரை மணித்தியாலம். அன்றிரவே ஒரு பிறிஸ்டல் மட்டையை வெட்டி அகராதி எழுதினேன். எக்ஸேர்ட் என்றால் சாய். ரெடி என்றால் நிமிர்த்து. குவெஸ்ட், தேடப் போ. சலெஞ், சண்டைக்கு இழு. பனிஷ், வெளியே போடு. வார்ட், காப்பு: எதிராளி தன் அட்டையின் வித்தைக்கு இதைத் தெரிவு செய்ய முடியாது, சண்டைக்கு மட்டும் இழுக்கலாம். எவேசிவ் தான் கரைச்சல் தந்தது. அது உள்ள பாத்திரத்தை அது உள்ள இன்னொரு பாத்திரம்தான் சண்டைக்கு இழுக்கலாம், அதற்குப் பெறாமகளே "பறவை" என்று பெயர் வைத்துவிட்டாள், பறவையைப் பறவைதான் பிடிக்கும் என்று. பொருந்துகிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

பதினைந்து இருபது சொல்லுக்குள் முக்கால்வாசி அட்டை வாசிக்க வந்துவிடும், ஏனென்றால் இந்த விளையாட்டில் ஒரே சொல் எல்லா அட்டையிலும் ஒரே பொருளில்தான் வரும். இரண்டாவது கிழமை மட்டையைப் பார்ப்பதைக் குறைத்தார்கள். இப்போது ஆங்கிலச் சொல்லையே சொல்கிறார்கள். ரியூசன் கொடுத்து வராத சொல் இதில் வந்தது எனக்கு மெய்யாகவே சந்தோசம்.

பிள்ளைகளுக்கு ஆகப் பிடித்தது பாட்டு அட்டைகள். பாட்டுக்கு மை கொடுத்தும் இறக்கலாம், அல்லது போதிய விலை உள்ள ஒரு பாத்திரத்தைச் சாய்த்து அதைப் பாடவைத்தால் மை செலவே இல்லை. எங்களிடம் உள்ள ஒரு பாட்டின் விலை மூன்று, கட்டிலிருந்து இரண்டு அட்டை எடுக்கத் தரும். மூன்றோ அதற்கு மேலோ விலை உள்ள, மை காய்ந்த பாத்திரம் ஒன்று பாடினால் போதும். எங்கள் வளவில் ஒரு விதி சேர்த்திருக்கிறோம், அட்டை பாடினால் அதை இறக்கியவரும் ஒரு வரி பாட வேண்டும். எந்தப் பாட்டும் சரி. அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் தானும் ஒரு கை கேட்டு வந்து இருந்தார்.

இனிக் குறைகள். மினுங்கும் அட்டைகள் மாரி காலத்தில் வளைகின்றன. கார்த்திகை மழை தொடர்ந்து பெய்த கிழமை, முகப்பு அட்டைகள் இரண்டும் வெற்றிலை மாதிரிச் சுருண்டுவிட்டன, கட்டுக்குள் வைத்தால் எது அந்த அட்டை என்று விளிம்பிலேயே தெரியும். தடித்த கொப்பிகளுக்கு அடியில் மூன்று நாள் வைத்தேன், பாதிதான் நிமிர்ந்தது. கோடையில் வேறு கரைச்சல், எங்கள் ஒழுங்கை கிரவல் வீதி, ஒரு உழவு இயந்திரம் போனால் பாயில் விரித்த அட்டை எல்லாம் செம்மஞ்சள் தூசி. ஆகவே ஸ்லீவ், அதாவது அட்டை உறை, கட்டாயம். 63க்கு 88 மில்லிமீற்றர் அட்டைக்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள், நூறு உறைப் பக்கெற் என்றால் இரண்டு தேவைப்படும். பெட்டியோடு வரும் மட்டை வில்லைகள் காற்றுக்குப் பறக்கின்றன, நாங்கள் புளியங்கொட்டை வைக்கிறோம். கதைப்புள்ளிக்கு 0 முதல் 20 வரை எழுதிய ஒரு தாளும் இரண்டு குற்றியும் போதும்.

கிடைக்கும் இடம்தான் மற்றக் குறை. கிளிநொச்சியில் கேட்டேன், வவுனியாவில் கேட்டேன், கிடைக்கவில்லை. இரண்டாவது பெட்டியை இணையத்தில் கொழும்பு விற்பனையாளர் ஒருவரிடம் எடுத்தேன். வந்தபோது உள்ளே பூஸ்டர் பக்கெற் உடைத்திருந்தது, ஏழு அட்டைதான் இருந்தது. கேட்டதற்குப் பதிலே இல்லை. நல்லவேளை 60 அட்டையும் முழுதாக இருந்தன. வாங்குகிறவர்கள் மேலுறை பிரியாத பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுக் காசு கட்டுங்கள், வெளிநாட்டிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் அவர்களிடம் சொல்லிவிடுவது இன்னும் நல்லது, பாரமும் இல்லை.

இரண்டு கட்டும் சமபலமா என்றால், தொடக்கத்தில் இல்லை. மோவானா-மிக்கிக் கட்டு புதியவர் கைக்கு இலேசு. அதில் உள்ள துடைப்பக்கட்டைப் பாத்திரங்கள் இரண்டு மைக்கு இறங்கும், மிக்கி ஏற்கெனவே இறங்கியிருந்தால் இன்னும் ஒன்று குறையும், சண்டையில் செத்தாலும் கைக்குத் திரும்பும். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுங்கள். சிம்பா கட்டுக்குப் பொறுமை வேண்டும், மை சேரும்வரை அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும், சேர்ந்த பிறகு அதன் முன் நிற்பது கஷ்டம். அப்பா வேறு கட்டைத் தொடுவதே இல்லை.

ஒரு விஷயம் தெரிந்து வாங்குங்கள். 2025இல் வந்த ஃபேபிள்ட் தொகுதியோடு, முதல் நான்கு தொகுதி அட்டைகளைப் பிரதான போட்டி முறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போட்டிக்குப் போகிற யோசனை இருந்தால் புதிய தொகுதியின் பெட்டியாகப் பாருங்கள். முற்றத்தில் விளையாட பழையதே தாராளம், மலிவாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்து நான் சேர்க்கப்போவது குருவெல்லாவும் அலாதீனும் உள்ள பச்சை-சிவப்புப் பெட்டி. மச்சானிடம் சொல்லிவிட்டேன், அது வந்தால் மூன்று பேர் சேர்ந்து இருந்து ஆடலாம், இப்போது ஒருவர் எப்போதும் திண்ணையில் காத்திருக்கிறார். வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கம் யாரிடமாவது ஒரு கட்டு இருந்தால் ஞாயிறு பின்னேரம் கொண்டு வாருங்கள், பாயும் புளியங்கொட்டையும் இருக்கிறது, அகராதி மட்டைக்கும் ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன்.