விரே, மேக்ஸ் "லைஃப்டைம் லைசென்ஸ்"னு யாராச்சும் வந்தா பணம் குடுத்துடாதீங்க

இன்டீரியர், 3டி வேலை பாக்குற எல்லாரும் இத படிச்சிடுங்க. 3டிஎஸ் மேக்ஸும் (3டி மாடல் பண்ற சாஃப்ட்வேர்) விரேயும் (அந்த மாடல நிஜ போட்டோ மாதிரி படமாக்குற, அதாவது ரெண்டர் பண்ற சாஃப்ட்வேர்) சேத்து லைஃப்டைம் லைசென்ஸ் 9,500 ரூபாய், ஒரிஜினல், ஜிஎஸ்டி பில்லோட தரேன்னு ஒருத்தர் எங்க ஆபீஸுக்கு வித்தாரு, இப்ப அவரு நம்பர் எப்ப அடிச்சாலும் ஸ்விட்ச் ஆஃப்.

அப்படி ஒரு லைசென்ஸே இப்ப யாரும் விக்கிறதில்லங்க. மேக்ஸ் பண்ற ஆட்டோடெஸ்க் கம்பெனி 2016லயே புதுசா லைஃப்டைம் விக்கிறத நிறுத்திட்டாங்க, விரே பண்ற கேயாஸ் கம்பெனியும் இப்ப சந்தாவுக்கு மட்டும்தான் தராங்க. காசு கட்டுனா லைசென்ஸ் உங்க மெயில் ஐடில இருக்குற அக்கவுண்ட்ல வந்து நிக்கும், என்னைக்கு முடியுதுங்கறது வரைக்கும் அதுலயே பாக்கலாம். எங்களுக்கு அப்படி எதுவும் வரலையேன்னு கேட்டப்ப "இது கார்ப்பரேட் ஆஃப்லைன் லைசென்ஸ் சார், அக்கவுண்டே வேணாம்"னு அடிச்சு சொன்னாரு.

எனிடெஸ்க்ல, அதாவது தூரத்துல இருந்தே நம்ம கம்ப்யூட்டர இயக்குற ஆப்ல, உள்ள வந்துதான் இன்ஸ்டால் பண்ணாரு. விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபெண்டர ஆஃப் பண்ணிட்டு, சி டிரைவ் மொத்தத்தையும் அது ஸ்கேன் பண்ணாத எக்ஸ்க்ளூஷன்ல போட்டுட்டு, ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல கம்பெனி சர்வர் அட்ரஸையெல்லாம் 127.0.0.1க்கு (நம்ம கம்ப்யூட்டருக்கே) திருப்பி விட்டிருக்காரு, அதாவது சாஃப்ட்வேர் போய் லைசென்ஸ செக் பண்ணவே முடியாத மாதிரி. சுத்தமான கிராக் (பூட்ட உடைச்ச திருட்டு காப்பி), அதுக்குதான் பில்லு போட்டு காசு வாங்கிருக்காரு. அந்த பில்லுல இருந்த ஜிஎஸ்டி நம்பர போர்ட்டல்ல போட்டு பாத்தா சம்பந்தமே இல்லாத ஒரு ஜவுளிக்கடை வருது!

காசு போனது கூட ஆறிடும். ஃப்ரீயா தரேன்னு ஹார்ட் டிஸ்க்ல சோஃபா, லைட், செடின்னு ஒரு மாடல் லைப்ரரி குடுத்தாரு பாருங்க, அதுலதான் பெரிய அடி. கொஞ்ச நாள்ல மேக்ஸ்ல அன்டூ வேலை செய்யல, சீன்ல வெச்ச லைட்டு தானா காணாம போகுது, சேவ் குடுத்தா தொங்குது. ராம் பத்தலையோன்னு ராம் மாத்துனோம், விண்டோஸ் புதுசா போட்டோம், பழைய ஃபைல திறந்ததும் மறுபடி அதே கதை. கடைசில பாத்தா ஏஎல்சின்னு ஒரு வைரஸ், மேக்ஸுக்குள்ள ஓடுற மேக்ஸ் ஸ்கிரிப்ட்ல எழுதுனது. அது சீன் ஃபைலுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும், அத திறந்த உடனே மேக்ஸோட ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல போய் உக்காந்துக்கிட்டு அதுக்கப்புறம் நீங்க திறக்குற ஒவ்வொரு சீனுக்கும் ஒட்டிக்கும். நாங்க ஃபைல் அனுப்புன ஃப்ரீலான்ஸ் பசங்களுக்கும் பரவிருச்சு, பாவம் அவங்க என்ன பண்ணாங்க, கிளையண்ட்டுக்கு குடுக்க வேண்டிய கிச்சன் ரெண்டர் வேற அவங்களுக்கும் நின்னு போச்சு.

இதே மாதிரி ஆகுறவங்க ஆட்டோடெஸ்க் சைட்ல மேக்ஸுக்கான செக்யூரிட்டி டூல்ஸ் இலவசமா இருக்கு, அத போட்டு எல்லா சீனையும் கிளீன் பண்ணுங்க, எங்க ஃபைல் பாதிக்கு மேல அதுலதான் மீண்டுச்சு. பணம் குடுத்து ஏமாந்திருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, லேட் பண்ண பண்ண ஏமாத்துனவங்க அவங்க அக்கவுண்ட்ல இருந்து காச எடுத்துடுவாங்க.

பட்ஜெட் இல்லன்னா பிளெண்டர்னு ஒரு 3டி சாஃப்ட்வேர் முழுசா இலவசம், ரெண்டர் பண்ற சைக்கிள்ஸும் அதுலயே இருக்கு. ட்வின்மோஷன்னு ஒரு ரெண்டர் சாஃப்ட்வேர் வருஷ வருமானம் 10 லட்சம் டாலருக்கு கீழ இருக்குறவங்களுக்கு ஃப்ரீ, நம்மள மாதிரி சின்ன ஆபீஸ் எல்லாம் அதுக்குள்ளதான் வரும். டி5 ரெண்டர்லயும் ஃப்ரீ வெர்ஷன் இருக்கு.

இப்ப அதே லைசென்ஸ் விக்கிற மெசேஜ், எழுத்துப்பிழை கூட மாறாம, லூமியான்ங்கற இன்னொரு ரெண்டர் சாஃப்ட்வேருக்கு "லூமியான் லைஃப்டைம்"னு வேற நம்பர்ல இருந்து சுத்துது. உங்களுக்கு வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைம் போர்ட்டல்ல போட்டு விடுங்க, நாங்களும் புகார் குடுத்திருக்கோம்.