ரப்பர் படகுக்கு மடக்கு நங்கூரம்

காற்றடைத்த சிறு படகுக்கென்று விற்கப்படும் ஒன்றரைக் கிலோ எடையுள்ள நான்கு கொக்கி மடக்கு நங்கூரம், பாறையிடுக்கிலும் நீர்ப்பாசியிலும் நன்றாகவே பற்றுகிறது. ஆனால் உப்பங்கழியின் இளஞ்சேற்றில், காற்று சற்றே வலுத்ததும், உழுதுகொண்டே படகோடு நகர்ந்துவிடுகிறது. மணலும் சேறும் நிறைந்த இடங்களுக்கு அகலத் தகடுகள் கொண்ட டான்ஃபோர்த் வகையே பொருத்தம். என்ன, அதன் கூரிய முனைகளுக்கு உறை அவசியம். மடக்கு நங்கூரமோ கொக்கிகளை ஒடுக்கி வளையத்தை இறுக்கிவிட்டால் படகின் ரப்பரைக் கிழிக்காது. வளையத்தில் மணல் சிக்கினால் மட்டும் நன்னீரில் அலச வேண்டும்.

உடன் தரப்படும் கயிறுதான் பெருங்குறை. நீர்மட்டத்திலிருந்து படகின் முகப்பு உயரத்தையும் ஆழத்தோடு கூட்டி, அதைப்போல் குறைந்தது 5 மடங்கு, காற்றடித்தால் 7 மடங்கு கயிறு விட வேண்டும் என்பது பொதுவிதி. 3 மீட்டர் ஆழத்துக்கே 15 மீட்டருக்கு மேல் தேவைப்படும்போது, இவர்கள் தருவது 10 மீட்டர், அதுவும் நீரில் மிதக்கும் பாலிப்ரோப்பிலீன். மூழ்கும் நைலான் கயிற்றையும், இழுவையைத் தரையோடு படியவைக்கும் இரண்டு மீட்டர் சங்கிலியையும் தனியே வாங்கிச் சேர்த்த பிறகே இது நங்கூரமாகிறது. கயிற்றை முகப்பு வளையத்தில்தான் கட்ட வேண்டும். பின்புறம் கட்டினால் அலை நேரே படகுக்குள் ஏறும்.