சிகிரியா: வவுனியாப் பக்கத்தில் இருந்து போகிறவர்களுக்கு

சிகிரியாப் பாறையில் ஏற வெள்ளனவே போங்கள், இல்லாவிட்டால் போகாமலே விடுங்கள். பத்து மணி தாண்டினால் கல் கொதிக்கும், படியில் வரிசை அசையாது. வவுனியாவில் விடியப்புறமே வெளிக்கிட்டு ஏ9 வீதியால் நேரே தம்புள்ளை, பிறகு ஹபரணை வீதியில் போய் இனாமலுவயில் திரும்பினால் சரி. வாகனம் இல்லாதவர்கள் யாழ்ப்பாணம்–கண்டி பஸ்ஸில் வந்து தம்புள்ளையில் மாறலாம். உள்நாட்டு டிக்கெட்டுக்கு அடையாள அட்டை கொண்டு போங்கள். கனடா, சுவிஸில் இருந்து லீவில் வந்திருக்கிற சொந்தக்காரரைக் கூட்டிப்போனால் அவர்களுக்கு டொலர் கணக்குத்தான், முதலே சொல்லிவிடுங்கள், கவுண்டரில் முகம் சுருங்க வேண்டாம்.

வாசலில் ஒரு வழிகாட்டி எங்களை ஒட்டிக்கொண்டு, பாதி ஆங்கிலத்தில் வாய்க்கு வந்ததை அளந்தார். தேவையில்லாத காசு. அதைவிட முதலில் நூதனசாலைக்குள் போய்ப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கதை தெரிந்தால்தான் கல் பேசும். இங்கே இருந்து ஆண்ட அரசன் காசியப்பன், தகப்பன் தாதுசேனனிடம் இருந்து 477இல் ஆட்சியைப் பறித்து அவனைக் கொன்றவன். சகோதரன் முகலன் இந்தியாவில் இருந்து படையோடு வருவான் என்ற பயத்தில் இங்கே வந்து இருந்தவன். செல்வமெல்லாம் எங்கே என்று நெருக்கியபோது தாதுசேனன் தான் கட்டிய கலாவாவியில் இறங்கி, தண்ணீரைக் கையால் அள்ளி, இவ்வளவும்தான் என் சொத்து என்றானாம், சூளவம்சம் என்ற பழைய பாளி வரலாற்று நூல் சொல்கிறது. கார்த்திகை பிறந்தால் குளம் வான் பாயுமா பாயாதா என்று அலைகரையையே பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் சனத்துக்கு இந்தக் கதைக்கு விளக்கம் வேண்டியதில்லை. 495இல் முகலன் வந்தான், காசியப்பன் தோற்று, தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். அதன் பிறகு இடம் பிக்குகளிடம் போனது.

பாறையில் வரைந்த பெண்களின் ஓவியங்களைப் பார்க்க இரும்புச் சுருள்படியில் ஏற வேண்டும். படம் எடுக்கத் தடை, போனை வெளியே எடுத்தாலே காவலர் சத்தம் போடுவார். 1967இல் யாரோ பச்சைப் பெயின்ட் பூசி நாசமாக்கியதைக் கேட்டால் அந்தக் கண்டிப்பு நியாயம்தான். கிட்ட நின்று பாருங்கள், ஒருத்திக்குக் கை ஒன்று கூட இருக்கும். வரைந்தவன் கையை இடம் மாற்றியிருக்கிறான், பழையது அழியாமல் கிடக்கிறது. கீழே கண்ணாடிபோல மெருகேற்றிய ‘கண்ணாடிச் சுவரில்’ அந்தக் காலத்து ஆட்கள் இந்தப் பெண்களைப் பார்த்துக் கிறுக்கிய கவிதைகள், தொல்பொருள் அறிஞர் பரணவிதான அதில் 685ஐப் படித்துப் பதிப்பித்தார். நீங்கள் பேர் எழுதினால் மட்டும் பொலிஸ்தான்!

மேலே ஏறும் வாசலில் இருக்கிற பெரிய சிங்கத்தின் பாதத்துக்கு மேலேதான் உண்மையான சோதனை. தலை எப்போதோ விழுந்துவிட்டது, இரண்டு பாதமும் நகங்களும்தான் மிச்சம். பழைய படிகளுக்காகக் கல்லில் வெட்டிய பள்ளங்கள் இப்போதைய இரும்புப் படிக்குப் பக்கத்திலேயே தெரியும், தலை சுற்றுகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டாம். உச்சியில், கிட்டத்தட்ட 180 மீற்றர் உயரத்தில், கல்லைக் குடைந்த ஒரு குளம். தகப்பனைக் கொன்றவனுக்கும் தண்ணீர் வேண்டித்தான் இருந்திருக்கிறது.

கீழே நீர்த்தோட்டத்து ஊற்றுகள் மழைக்காலத்தில் இப்போதும் பீறிடும், ஆனால் மழையில் படி வழுக்கும். குளவிக் கூடுகள் உண்டு, அந்த இடங்களில் பிள்ளைகளைக் கத்த விடாதீர்கள். சாப்பாட்டுப் பார்சலைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கிவிடும், வாகனத்திலேயே வைத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல் மட்டும் ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள்.