இரண்டு பேட்டரி விற்றார்கள், கோளாறு ஃபியூஸ் ஹோல்டரில் இருந்தது

கேம்பர் வேனில், அதாவது படுத்துத் தங்கும் வசதியுள்ள வண்டியில், பின்பக்க கரண்ட் சீக்கிரம் தீர்ந்துபோகிறதென்று யாராவது இப்போது ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். பத்து மாதத்துக்குள் இரண்டு புது லீஷர் பேட்டரிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். இரண்டுமே தேவைப்பட்டிருக்காது என்று இப்போது தெரிகிறது.

இந்த வண்டிகளில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று இன்ஜினைக் கிளப்ப. இன்னொன்று, அதாவது லீஷர் பேட்டரி, பின்னால் இருக்கும் விளக்கு, தண்ணீர் பம்ப், ஃப்ரிட்ஜுக்கு. வண்டி ஓடும்போது, இன்ஜின் சுழற்றிக் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து, ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் வழியாக இதற்கும் சார்ஜ் ஏறும். இன்ஜினை அணைத்ததும் ரிலே இரண்டையும் பிரித்துவிடும். அதனால் இரவில் பின்பக்கம் என்ன செலவழித்தாலும் காலையில் வண்டி கிளம்பும்.

எங்கள் வண்டியில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி. எங்கேயாவது நிறுத்தினால் ஓர் இரவும் ஒரு பகலும் தாங்கும். திடீரென்று அது பாதியாகிவிட்டது. நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தியிருப்போம், இரவு மூன்று மணிக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் 'பீப்' என்று கத்திவிட்டு நின்றுவிடும். குழாயைத் திறந்தால் பம்ப் ஓடும், விளக்கு மங்கும்.

கேம்பர் வேலை மட்டுமே செய்கிறோம் என்று பெரிதாக எழுதிப்போட்டிருந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு பையன் கையடக்க டெஸ்டரைக் கொண்டுவந்து பேட்டரியில் கிளிப்பை மாட்டினான். பத்து விநாடியில் 'மாற்றவும்' என்று வந்துவிட்டது. "செல் போயிடுச்சு சார். இனிமே சார்ஜ் நிக்காது." ஸ்கிரீனை என்னிடமே காட்டினான். நானும் தலையாட்டினேன்.

அந்த மாதிரி டெஸ்டர், ஒரே மூச்சில் பெரிய கரண்டைக் கொடுத்து இன்ஜினைச் சுழற்றும் திறன் இருக்கிறதா என்று மதிப்பிடுவது. லீஷர் பேட்டரியின் வேலையே வேறு, கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் கொடுப்பது. அதிலும் அன்றைக்கு அது காலியாக இருந்தது. காலிப் பேட்டரியில் மாட்டினால் நல்ல பேட்டரியும் கெட்டதாகத் தெரியலாம். முதலில் முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு, அப்புறம் தெரிந்த ஒரு லோடை வைத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் பிடிக்கும் வேலை. அவர்கள் அதைச் செய்யவில்லை. பழைய பேட்டரியை, "ஸ்கிராப்ல போட்டுடறோம் சார்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வயதுகூட நிறையாத பேட்டரி. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

புதுப் பேட்டரி ஒரு மாதம் அருமையாக ஓடியது. ஏன் ஓடியது என்பதில்தான் நான் ஏமாந்தேன். அந்த மாதம் தங்கிய இடமெல்லாம் மெயின்ஸ் கரண்ட் இருந்தது. ஒயரைச் சொருகினால் வண்டியில் இருக்கும் சார்ஜர் பேட்டரியை நிரப்பிவிடும். ஆல்டர்னேட்டரிலிருந்து ஒன்றும் வராவிட்டாலும் தெரியாது. மெயின்ஸ் இல்லாத முதல் பயணத்தில், இரண்டாம் இரவே பழைய கதை.

திரும்பப் போனேன். இந்த முறை ஓனரே வந்து மீட்டரை வைத்தார். 12.9 வோல்ட். "பேட்டரி ஃபுல்லா இருக்கு சார், நீங்கதான் ஜாஸ்தி யூஸ் பண்றீங்க." வீட்டில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, அப்போதுதான் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். சார்ஜ் ஏற்றிய உடனே காட்டும் அளவு மேலோட்டமானது. சில மணி நேரம் எந்த லோடும் இல்லாமல் விட்டுவிட்டு அளந்தால்தான் அதற்கு அர்த்தம். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி அப்போது 12.7 காட்டினால் நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசும் குறையும். பேட்டரி விற்பவருக்கு இது தெரியாதா?

ஃப்ரிட்ஜுக்கு இந்தப் பேட்டரி பத்தாது, பெரிய ஏஜிஎம் (ஆசிட் சிந்தாத, மூடிய வகை பேட்டரி) போட்டால்தான் சரிவரும் என்றார். ஒரு மாதப் பேட்டரிக்கு வாரண்டி கேட்டால், அடியோடு இறக்கிவிட்டீர்கள், வாரண்டி செல்லாது என்றார். அடியோடு இறங்கியதற்குக் காரணம் யார் என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏஜிஎம்மும் வந்தது. மூன்றே வாரம்.

கடைசியில் கண்டுபிடித்தவர், ஒரு தங்குமிடத்தில் பக்கத்து வண்டியில் இருந்த பெரியவர். நான் படுக்கையைத் தூக்கிவைத்துப் பேட்டரியையே முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மல்டிமீட்டரோடு வந்தார்.

"தம்பி, பேட்டரிய விடு. முதல்ல இன்ஜினைப் போடு."

முன்பக்க பேட்டரியில் 14.3 வோல்ட். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. பின்பக்க பேட்டரியில் 12.6. "அங்க ஏறுது, இங்க வரல. நடுவுல எங்கயோ தங்குது" என்றார். ரிலேயின் இரண்டு பக்கமும் 14.2, அப்போது ரிலே ஒட்டித்தான் இருக்கிறது. அடுத்து, ஃபியூஸைப் பிடித்துவைக்கும் ஃபியூஸ் ஹோல்டர். உள்ளே வரும் பக்கம் 14.2, வெளியே போகும் பக்கம் 12.6. கட்டைவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் 1.6 வோல்ட் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது, முனையில் பச்சைப் பூஞ்சை மாதிரி துரு. ஆனால் ஃபியூஸ் அறுந்திருக்கவில்லை. யாரும் சந்தேகப்படாததற்கு அதுதான் காரணம். மீட்டரின் 'பீப்' சத்தத்தை வைத்துச் சோதித்தாலும் தொடர்பு இருக்கிறது என்றுதான் சொல்லும். லோடு ஓடும்போது இரண்டு முனைக்கும் நடுவே அளந்தால்தான் குட்டு வெளிப்படும். நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்கூட விழக்கூடாது.

ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 6 ஆம்பியர்தான் போய்க்கொண்டிருந்தது. காலியாகக் கிடந்த அந்தப் பேட்டரி அதைப்போலப் பல மடங்கு வாங்கியிருக்கும். நான்கு மணி நேரம் ஓட்டினால் 24 ஆம்பியர்-மணி, ஃப்ரிட்ஜின் ஒரு நாள் செலவுக்கே போதாது. இன்னொன்றையும் சொன்னார், அதைக் கேட்டு என் மனைவி முகம் மாறிவிட்டது. 1.6 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட 10 வாட் சூடு, அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே. அது இருந்தது நாங்கள் படுக்கும் மெத்தைக்குக் கீழே.

புது ஹோல்டர், ஒயர் முனைக்குப் புது லக், அரை மணி நேர வேலை. ஒயரை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த் போல்ட் பெயிண்ட் மேலேயே முறுக்கியிருந்ததையும் சுரண்டிச் சுத்தம் செய்தார். இன்ஜினைப் போட்டதும் பின்பக்கம் 14 வோல்ட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திருட்டுக் கசிவு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார், 0.04 ஆம்பியர், கவலையில்லை. சிலர் இன்வெர்ட்டரை அணைக்காமல் விட்டுவிடுவார்களாம். சும்மா இருக்கும்போதே அது 1 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 24 போச்சு.

உங்கள் வண்டி புதிதென்றால் இதே கதையாக இருக்காது. புது வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் ஓட்டத்தின் நடுவிலேயே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். வோல்டேஜைப் பார்த்து ஒட்டும் பழைய மாதிரி ரிலே அதில் விட்டுவிட்டுத்தான் ஒட்டும், அதற்கு, குறைந்த வோல்டேஜையும் ஏற்றிப் பேட்டரிக்குக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். அங்கேயும் முதலில் விற்கப் பார்ப்பது பேட்டரியைத்தான்.

ஆகவே பேட்டரி போச்சு என்று யார் சொன்னாலும், இன்ஜின் ஓடும்போது முன்பக்கம் எத்தனை வோல்ட், பின்பக்கம் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகிறது, இந்த மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பேட்டரியை விட்டுவிட்டு வராதீர்கள். முழுக்கச் சார்ஜ் ஏற்றி வேறு இடத்தில் காட்டும்வரை அது உங்களிடமே இருக்கட்டும்.

முதல் தடவை நடந்ததைத் தெரியாத்தனம் என்று விட்டுவிடலாம். இரண்டாவதை அப்படி விட முடியவில்லை. பழைய பில்லை எடுத்துப் பார்த்தபோது அதில் 'சார்ஜிங் சிஸ்டம் முழுப் பரிசோதனை' என்று தனியாக ஒரு வரி, அதற்குத் தனிக் கூலி. அளவு ஒன்றுகூட எழுதவில்லை. உருகிய ஹோல்டரையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"இது பழைய வயரிங் சார், நாங்க போட்டது இல்ல."

"செக் பண்ணோம்னு எழுதியிருக்கீங்களே?"

"அது பேட்டரி செக்கிங் சார்."

பணம் திரும்பி வரவில்லை. எழுத்தில் புகார் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. போன வாரம் அங்கிருந்து போன் வந்தது, சமாதானமாகப் போய்விடலாம் என்றார்கள். எப்படி என்று கேட்டேன். அடுத்த பேட்டரிக்குப் பாதி விலை போட்டுத் தருகிறார்களாம்.