பையில் நாலு வருஷம் கிடந்த ஒரு செல் டார்ச்

லிப்ட் பழுது பார்ப்பது என் வேலை. பதினேழு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அதில் பாதி நேரம் இருட்டில் போகும். மெஷின் ரூமில் பல்பு ஃபியூஸ் போயிருக்கும். லிப்ட் குழியின் அடிப்பள்ளத்தை நாங்கள் பிட் என்போம். அங்கே பல்பே இருக்காது, இருந்தாலும் நான் எட்டிப் பார்க்கவேண்டிய மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எரியும். அதனால் டார்ச் எனக்கு ஸ்க்ரூடிரைவர் மாதிரி. காலையில் பையில் ஏறினால் ராத்திரிதான் இறங்கும்.

இப்போது என்னிடம் இருப்பது நாலு வருஷம் பழசு. ஒரே ஒரு பென்சில் செல், அலுமினிய உடம்பு, வால் பக்கம் ஒரு ஸ்விட்ச், மூன்று அளவு வெளிச்சம். அவ்வளவுதான். கம்பெனிப் பெயர் பொறித்திருந்த இடம் சாவிக்கொத்தோடு உரசி உரசி அழிந்துவிட்டது. அழியாமல் இருந்தாலும் சொல்லிப் பயனில்லை, அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். ஆனால் இந்த அமைப்பில் டார்ச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் எதைப் பார்க்கலாம், எதை நம்பவேண்டாம் என்று சொல்ல இந்த ஒன்று போதும்.

இது விழுந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். சட்டைப் பையில் கிளிப் போட்டு மாட்டியிருந்தேன். மூன்றாவது மாடிக் கதவைத் திறந்து, பூட்டின் ரோலரைப் பார்க்கக் குனிந்தேன். கிளிப் ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்திருந்தது. டார்ச் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. லிப்ட் ஓடும் தண்டவாளமான கைடு ரெயிலைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் ஒரு ‘டங்’, ஒரு நொடி ஒன்றுமில்லை, அப்புறம் கீழே சிமென்ட் தரையில் ஒரு சத்தம். உதவிக்கு வந்திருந்த பையன் பிட்டின் ஸ்டாப் ஸ்விட்சை அழுத்திவிட்டு இறங்கித் தேடினான். கீழேயிருந்து முதலில் வந்தது அவன் குரல் இல்லை, வெளிச்சம். நேராக என் முகத்தில் அடித்தான். “அண்ணே, எரியுது!”

தலை விளிம்பில் அரை நகம் அளவுக்கு ஒரு நசுங்கல், உடம்பில் கறுப்புப் பூச்சு போய் வெள்ளை தெரிகிற ஒரு கீறல். கண்ணாடி உடையவில்லை. ஏன் என்று அப்புறம் கவனித்துப் பார்த்தேன். உலோக விளிம்பு கண்ணாடியைவிட ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. தலைகுப்புற விழுந்தாலும் அடி விளிம்புக்குத்தான். செல்லின் இரண்டு முனையிலும் ஸ்பிரிங் இருக்கிறது. பல டார்ச்சுகளில் வால் பக்கம் மட்டும்தான் இருக்கும். தட்டினால் செல் ஒரு கணம் விலகும், வெளிச்சம் கண் சிமிட்டும். கையில் எடுத்து உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டிப் பாருங்கள், சிமிட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, எல்.இ.டி.யில் இழை கிடையாது. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்து பல்பு டார்ச் இந்த உயரத்திலிருந்து விழுந்திருந்தால் இழை அறுந்திருக்கும்.

இதற்கு முன்னால் வைத்திருந்தது நேர் எதிர். தலையை முன்னும் பின்னும் இழுத்தால் வெளிச்சம் குவியும், விரியும். உள்ளே பிளாஸ்டிக் கூட்டில் மூன்று சின்ன செல். வாங்கின புதிதில் எனக்கே பெருமைதான், எல்லோரிடமும் காட்டினேன். ஆனால் அந்த இழுக்கிற இடுக்கு வழியாகத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே போய், ஆறு மாதத்தில் லென்ஸ் மங்கிவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை அதன் ஸ்விட்ச். ஐந்து நிலை: அதிகம், நடுத்தரம், குறைவு, வெட்டி வெட்டி மின்னுவது, அப்புறம் ஆபத்தில் உதவி கேட்கும் எஸ்.ஓ.எஸ். மின்னல். அணைக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். ஒருநாள் கேபின் கூரைமேல் நானும் இன்னொருவரும் நின்றுகொண்டிருந்தோம், அணைக்கப் போய் மின்ன வைத்துவிட்டேன். அந்தக் குறுகிய குழிக்குள் நாலு சுவரும் வெட்டி வெட்டி ஆட, அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கேட்கவேண்டியதுதான். காலடி தெரியாமல் கூரைமேல் நிற்பது விளையாட்டில்லை.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்னலும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலிவாகச் செய்த டார்ச்சில் குறைவான வெளிச்சம் என்பது உண்மையில் குறைவான வெளிச்சம் இல்லை. முழு வெளிச்சத்தையே நொடிக்குச் சில நூறு தடவை அணைத்து அணைத்து ஏற்றுவார்கள்; கண் அதைச் சராசரி செய்து மங்கலாகப் பார்க்கும். வீட்டில் கட்டிலுக்கு அடியில் செருப்பு தேடுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஓடுகிற மோட்டாரின் சக்கரத்தின்மேல் அடித்தால்தான் விவகாரம். வேகம் ஒத்துப்போனால் சுற்றுகிற சக்கரம் நின்றுவிட்டது போலவோ, மெதுவாகப் பின்னால் போவது போலவோ தெரியும். பழைய டார்ச்சில் இதை என் கண்ணாலேயே பார்த்தேன், முதுகு சில்லிட்டது. சுற்றுகிற இயந்திரம் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் வாங்கின அன்றைக்கே சோதித்துவிடுங்கள். குறைந்த நிலையில் வைத்து, வெளிச்சத்தில் ஒரு பேனாவை வேகமாக ஆட்டுங்கள். பேனா ஒரு விசிறி மாதிரி, தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் அது மின்னுகிற ரகம். மங்கிய ஒரே பட்டையாகத் தெரிந்தால் சரி. போன் கேமராவில் பார்த்தாலும் பல சமயம் வரி வரியாக ஓடும். என் டார்ச்சில் மூன்று நிலையிலும் வரி இல்லை.

வெளிச்சம் எவ்வளவு என்று கேட்பீர்கள். பெட்டியில் 5, 50, 150 லூமென் என்று போட்டிருந்தது. கேட்கிறவர்கள் முகம் சுருங்கிவிடும், இவ்வளவுதானா என்று. இதே அளவு டார்ச்சில் 1000 லூமென் என்று அச்சடித்து விற்கிறார்களே? சரி, ஒரு சின்னக் கணக்கு போடலாம். நல்ல எல்.இ.டி., நல்ல சர்க்யூட் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று கொள்வோம். 1000 லூமெனுக்கு 10 வாட். ரீசார்ஜ் செய்கிற பென்சில் செல்லின் மின்னழுத்தம் 1.2 வோல்ட். 10 வாட் எடுக்க எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கவேண்டும். சாதாரண ஆல்கலைன் செல்லிடம் அதைக் கேட்டால் நொடியில் படுத்துவிடும். அதனால் ஒரு பென்சில் செல்லில் 1000 என்று எழுதியிருந்தால் பெட்டியில் மற்ற வரிகளையும் நம்பவேண்டாம். அதே உருவத்தில் 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல் ஒன்று உண்டு, 14500 என்று பெயர். அதைப் போட்டால் வெளிச்சம் எகிறும். ஆனால் கையேட்டில் அனுமதி இல்லாமல் அதைப் போட்டால் சர்க்யூட் கருகிவிடலாம். எனக்கு அந்த ஆசை வரவில்லை.

நடு நிலையில் எவ்வளவு நேரம் எரிகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். 2000 எம்.ஏ.எச். செல்லை முழுக்க ஏற்றி, மேசையில் நிறுத்தி, காலை பத்து மணிக்குப் போட்டேன். இரண்டே முக்கால் வரை ஒரே சீராக எரிந்தது. பிறகு திடீரென்று கடைசி நிலைக்கு இறங்கியது. அந்த மங்கலில் இன்னும் இருபது நிமிஷம். வெள்ளை எல்.இ.டி.க்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும். உள்ளே இருக்கிற சின்ன சர்க்யூட் 1.2-ஐ உயர்த்திக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் கடைசிவரை மங்காமல் வருகிறது. பெட்டியில் ஐந்து மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எண்ணலாம் என்பதுதான் டார்ச் கம்பெனிகளின் அளவு விதி. அதேபோல ‘100 மீட்டர் தூரம்’ என்றால், அந்த தூரத்தில் 0.25 லக்ஸ் விழுகிறது என்று பொருள். கிட்டத்தட்டப் பௌர்ணமி நிலா வெளிச்சம். நிலா வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், அந்த 100 மீட்டர் எவ்வளவு பயன்படும் என்று தெரியும்.

நான் அதிகம் உபயோகிப்பது 5 லூமெனைத்தான். ஸ்டீல் கதவு, ஸ்டீல் பேனல், எல்லாம் கண்ணாடி மாதிரி. ஒரு முழத்துக்குள் 150-ஐ அடித்தால் திரும்பி வந்து கண்ணைக் குருடாக்கும், அடுத்த சில நிமிஷம் இருட்டில் ஒன்றும் தெரியாது. இந்த டார்ச் எப்போது போட்டாலும் குறைந்த நிலையில்தான் தொடங்கும். கடைசியாக வைத்த நிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அதைக் குறை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதி ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவரைக் கேளுங்கள், அது குறையா என்று.

நிறம் பற்றியும் சொல்லவேண்டும். பழைய டார்ச் நீலம் பாய்ந்த வெள்ளை. அதில் ஆரஞ்சு வயரும் சிவப்பு வயரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிரவுனைக் கறுப்பு என்று நினைத்து ஒருமுறை டெர்மினலை மாற்றிப் போட்டு, அரை மணி நேரம் அலைந்தேன். இதில் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு; 90-க்கு மேல் இருந்தால் வயர் நிறம், எண்ணெயின் நிறம், காயத்தின் நிறம் எல்லாம் பகலில் பார்ப்பது போலத் தெரியும். இதே விலைக்கு வெளிச்சம் கொஞ்சம் குறையும். நான் தயங்காமல் அதைத்தான் எடுப்பேன்.

செல் விஷயத்தில் என் பிடிவாதம் ஒன்று: தனியாகக் கழற்றி மாற்றுகிற செல்லாக இருக்கவேண்டும். உள்ளேயே பேட்டரி வைத்து மூடிய டார்ச்சுகள் வசதிதான், கேபிளைச் செருகினால் முடிந்தது. ஆனால் வேலை நடுவில் தீர்ந்தால் சார்ஜ் ஏறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். சில வருஷத்தில் பேட்டரி தளர்ந்தால் டார்ச்சே போயிற்று. ஒரு செல் என்பதிலும் ஒரு லாபம், பழசும் புதுசும் கலந்து போட்டுக் கெடுக்க வழியில்லை. ஆல்கலைன் செல்லை மட்டும் உள்ளே வைத்து மறந்துவிடாதீர்கள். அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த ஒரு டார்ச்சை அவர் அவசரத்துக்கு என்று அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்றரை வருஷம் கழித்து கரண்ட் போன ராத்திரி எடுத்தால், மூடி திறக்கவே இல்லை. உள்ளே செல் பொங்கி, வெள்ளையாகப் பூத்து, குழாயோடு ஒட்டிப் போயிருந்தது. கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, உலோகத்தை அரித்துவிடும். எடுத்து வைக்கிற டார்ச் என்றால் செல்லை வெளியே எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், அல்லது 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் செல் போடுங்கள், மேலே சொன்ன 3.7 வோல்ட் ரகம் இல்லை.

தண்ணீர்? ஒரு மழைக்காலத்தில் பிட்டில் கணுக்கால் அளவு ஊற்றுத் தண்ணீர் நின்றது, அதில் விழுந்து எரிந்துகொண்டே கிடந்தது. துடைத்துப் பையில் போட்டேன். அவ்வளவுதான். மரையில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிகான் கிரீஸ் தடவுகிறேன். திருகும்போது கரகரவென்றால் துடைக்கவேண்டும் என்று பொருள்.

இனி குறைகள். கிளிப் படுமோசம். தகடு மெல்லிசு, ஒரு வருஷத்தில் வாயைப் பிளந்துவிட்டது, அந்த விழுதலுக்கும் அதுதான் காரணம். அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டு, வாலில் இருக்கும் ஓட்டையில் ஒரு கயிறு கட்டி, பேன்ட் பைக்கு மாற்றினேன். அங்கே வேறு பிரச்சினை: ஸ்விட்ச் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் உட்காரும்போது தானாக எரிகிறது. நல்லவேளை, மரையிலும் கறுப்புப் பூச்சு இருப்பதால் வாலைக் கால் திருகு தளர்த்தினால் மின்சாரம் ஓடாது. இப்போது அது பழகிவிட்டது. பையில் கை விட்டால் கட்டைவிரல் தானாகத் திருகுகிறது. ஆனால் கையுறை போட்டிருந்தால் திண்டாட்டம்தான். பிடிப்புக்காக உடம்பில் போட்டிருக்கும் சொரசொரப்பும் போதாது, எண்ணெய்க் கையில் வழுக்குகிறது. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது பல்லில் கடித்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, கட்டைவிரல் தடிமனில் இருப்பதால் வாய்க்கு இது கச்சிதம். ஆனால் நெற்றியில் கட்டுகிற விளக்குதான் அந்த வேலைக்குச் சரி, அதை வாங்கு என்று என் மனைவியும் பல் டாக்டரும் சேர்ந்தே சொல்கிறார்கள்.

வயலில் தூரத்தில் என்ன அசைகிறது என்று பார்க்கவேண்டியவர்களுக்கு இந்த டார்ச் உதவாது. அவர்கள் 18650 என்கிற பெரிய லித்தியம் அயன் செல் போடுகிற டார்ச்சை வாங்கட்டும். போன் வெளிச்சம் இருக்கிறதே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. லிப்ட் குழிமேல் குனிந்து போனை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

ஸ்விட்ச் மேல் இருக்கும் ரப்பர் மூடி போன மாதம் கிழிந்தது. பெட்டியில் இரண்டு உதிரி மூடி வந்திருந்தன. ஒன்றை மாட்டியாயிற்று, வால் வளையத்தைத் திருகி எடுத்து மாட்ட ஐந்து நிமிஷம். இன்னொன்று டூல் பாக்ஸில், ஃபியூஸ் டப்பாவுக்குள் இருக்கிறது.